பூட்டும் முகமும்

திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது ஒரு வெற்றிடம். பெட்டி திறந்து கிடக்கிறது. பொருள் இருந்த இடத்தில் இல்லை. ஆனால் ஒருவரின் அந்தரங்கப் புகைப்படம் களவு போகும்போது எதுவும் காணாமற் போவதில்லை. படம் அதே இடத்தில் இருக்கிறது. அதன் நகலொன்று அயலார் கையில் இருக்கிறது, அவ்வளவே. உடையவர் இழந்தது பொருளை அன்று. தம்மை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது என்று தீர்மானிக்கும் உரிமையை. இந்த இழப்பை அதன் பெயராலேயே அழைக்கச் சட்டத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இணையத்தோடு பிறந்த சிக்கல் இது என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் இது புகைப்படக் கருவி வீட்டுக்கு வீடு வருவதற்கும் முற்பட்டது. அந்த நெடிய தாமதத்தின் வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகப் பார்க்க முனைகிறோம்.

கதை ஓர் அரண்மனையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் மணமான புதிதில், 1840-களில், செப்புத் தகட்டு ஓவியம் பழகினார்கள். மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் தோய்த்து, மை தடவி அச்செடுக்கும் கலை அது. தம் குழந்தைகள், உறவினர், வளர்ப்பு நாய்கள் என்று தமக்குப் பிரியமானவற்றை வரைந்தார்கள். நெருங்கியவர் சிலருக்குப் படிகள் கொடுத்ததோடு சரி. தகடுகள் பூட்டி வைக்கப்பட்டன. ஆனால் அச்செடுப்பதற்காக விண்ட்சரில் ஓர் அச்சகத்தாரிடம் தகடுகள் போனபோது அங்கிருந்து கணக்கில் வராத சில படிகள் வெளியேறின. அவை ஜாஸ்பர் ஜட்ஜ் என்ற செய்தியாளரிடம் வந்து சேர்ந்தன. அவரும் வில்லியம் ஸ்டிரேஞ்ச் என்ற லண்டன் பதிப்பாளரும் அவற்றைக் கண்காட்சியாக வைக்கவும், ஒவ்வொரு படத்தையும் விவரிக்கும் பட்டியலொன்றை அச்சிட்டு விற்கவும் திட்டமிட்டார்கள்.

1848-ல் ஆல்பர்ட் வழக்குத் தொடுத்தார். 1849-ல் காட்டன்ஹாம் பிரபு வழங்கிய தீர்ப்பு, கண்காட்சியை மட்டுமல்லாமல் பட்டியலையும் தடை செய்தது. பட்டியலில் படம் ஏதும் இல்லை, வெறும் சொற்கள்தாம். ஆயினும் பிறர் காணலாகாதென்று வைத்ததைச் சொல்லால் காட்டுவதும் காட்டுவதே என்று நீதிமன்றம் கருதியது. இத்தீர்ப்பு இரண்டு தூண்களின் மேல் நின்றது. வெளியிடாத படைப்பு ஆக்கியவரின் உடைமை என்பது ஒன்று. நம்பி ஒப்படைத்ததில் துரோகம் செய்யலாகாது என்பது மற்றொன்று. வாசகர்கள் இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அரசியார் எதற்காக அப்படங்களை வரைந்தார், வரைந்ததை ஏன் அழிக்காமல் வைத்திருந்தார் என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை.

அடுத்து நாம் செல்ல வேண்டிய இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் நகரம். அங்கே 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தம் கோடாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள். படம் எடுத்து முடித்ததும் கருவியை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினால், 10 டாலர் கட்டணத்தில் படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்கியவர் வேலை. இந்த ஏற்பாட்டின் இரு விளைவுகள் நம் பொருளுக்கு முக்கியமானவை. முன்பு ஓவியக்கூடத்தில் அசையாமல் அமர்ந்தால்தான் படம். இனி ஒருவர் அறியாமலே அவரைப் படம் பிடிக்கலாம். அடுத்தது, வீட்டுக்குள் எடுத்த படம் முன்பின் அறியாத பணியாளரின் கைகளைக் கடந்தே வீட்டுக்குத் திரும்பியது. நம் படங்களை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் பொறுப்பில் விடும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

1890-ல் நியூயார்க் நாடக மேடையில் மேரியன் மனோலா என்ற நடிகை, உடலோடு ஒட்டிய காலுறையுடன் ஒரு பாத்திரத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அக்கோலத்தில் விளம்பரப் படம் எடுத்துக்கொள்ள அவர் இணங்கவில்லை. ஒருநாள் அரங்கின் பக்க மாடத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சி அவர் அறியாமல் படம் எடுத்தார்கள். அவர் நீதிமன்றம் சென்று, அப்படத்தைப் பயன்படுத்தத் தடை பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரு பாஸ்டன் வழக்கறிஞர்கள் ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் அந்தரங்க உரிமை பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார்கள். மனோலாவின் வழக்கை அவர்கள் குறிப்பிடுகிறார்கள்; அவர்கள் வாதத்தின் முதுகெலும்போ 1849-ன் அரண்மனை வழக்கு. அங்கே உண்மையில் காக்கப்பட்டது உடைமை அன்று, மனிதரின் ஆளுமையே என்பது அவர்கள் முடிவு. உடைமை என்பது நீதிமன்றத்துக்குப் பழகிய சொல்லாதலால் அதன் நிழலில் இந்த உரிமை ஒதுங்கியிருந்தது என்றார்கள்.

சொல்லியாகிவிட்டது. ஆனால் நீதிமன்றம் கேட்டதா? அதற்கு விடை மீண்டும் ராச்செஸ்டரிலிருந்தே வந்தது. அபிகெய்ல் ராபர்சன் என்ற, சட்டப்படி இன்னும் வயது நிரம்பாத இளம்பெண்ணின் முகம், அவர் ஒப்புதல் இல்லாமலே ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்தில் அச்சாகி, கடைகளிலும் மதுக்கூடங்களிலும் தொங்கியது. மொத்தம் ஏறத்தாழ 25,000 படிகள். ஊரார் கேலிக்கு ஆளாகி, மனம் நொந்து படுத்த படுக்கையானதாக அவர் முறையிட்டார். 1902-ல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளியது. அப்படியோர் உரிமை சட்டத்தில் இல்லை என்று தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர் எழுதினார். அதோடு நில்லாமல், வேறு சிலராயின் இதைத் தம் அழகுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்னும் பொருள்படவும் எழுதினார்.

தீர்ப்புக்கு எழுந்த கண்டனம் அடுத்த ஆண்டே பலன் தந்தது. ஒருவரின் பெயரையோ உருவப்படத்தையோ எழுத்து வடிவிலான ஒப்புதல் இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாதென்று 1903-ல் நியூயார்க் சட்டம் இயற்றியது. 1904-ல் பார்க்கர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரானார். செய்திப் படக்காரர்கள் தம்மையும் தம் குடும்பத்தையும் ஓயாமல் படமெடுப்பதாக அவர் சலித்துக்கொண்டபோது, ராபர்சன் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு கடிதம் எழுதினார். எனக்கு இல்லையென்று நீங்கள் தீர்ப்பளித்த உரிமை உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்பதே அதன் சாரம்.

ஐரோப்பாவிலும் இதே தடுமாற்றத்தைக் காண்கிறோம். 1898 ஜூலை 30 இரவு ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் பிஸ்மார்க் இறந்தார். அன்றிரவே இரு புகைப்படக்காரர்கள் சன்னல் வழியே புகுந்து, மக்னீசிய வெளிச்சத்தில் பிணத்தைப் படம் எடுத்து, விற்பதற்கு ஆள் தேடினார்கள். மகன்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1899-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் படங்களை அழிக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. காரணம் என்ன? அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்து பெற்ற பொருளை வைத்துக்கொள்ளலாகாது என்பதுதான். சன்னல் காப்பாற்றியது, முகத்துக்கென்று சட்டம் இல்லை. அந்தக் குறையை நிரப்பவே 1907-ல், படத்தில் இருப்பவரின் ஒப்புதல் இல்லாமல் அதைப் பரப்பலாகாது என்ற விதி அங்கே வந்தது.

நூறாண்டு தாண்டி வருவோம். 2014 ஆகஸ்ட் 31 அன்று திரை நடிகையர் பலரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. தன் சேமிப்புக் கட்டகம் உடைக்கப்படவில்லை, தனித்தனியாகப் பயனர்பெயர்களும் கடவுச்சொற்களும் குறிவைக்கப்பட்டன என்று ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. பின்னர் நடந்த வழக்குகளில் சூழ்ச்சி வெளிப்பட்டது. ஆப்பிளிலிருந்தோ கூகுளிலிருந்தோ வருவதுபோல் மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கறந்திருந்தார்கள். அப்படிக் குறைந்தது 50 ஐகிளவுட் கணக்குகளையும் 72 ஜிமெயில் கணக்குகளையும் திறந்த ஒருவருக்கு 2016-ல் 18 மாதச் சிறை கிடைத்தது. படங்களை வெளியிட்டவர் அவர்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தார் என்பதே, 1986-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அவர் மீதான குற்றச்சாட்டு. பிஸ்மார்க்கின் சன்னல்தான் மீண்டும்.

படங்களை இணையத்திலிருந்து நீக்க வழக்கறிஞர்கள் எடுத்த கருவியும் பழையதே: காப்புரிமை. தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. ஆகவே உடைமை என்ற பெயரில் நீக்கச் சொல்லலாம். 1849-ல் ஆல்பர்ட் ஏந்திய அதே கேடயம். ஆனால் இதில் ஒரு கொடிய முரண் இருக்கிறது. அப்படத்தை வேறொருவர் எடுத்திருந்தால் காப்புரிமை அவருக்குத்தான். ஒரு பெண்ணின் உடலைக் காட்டும் படத்துக்கு, அவளைப் பழிவாங்கத் துடிக்கும் முன்னாள் காதலனே உரிமையாளனாகிவிடுவான். உடைமை என்ற சொல்லால் இந்தக் காயத்தை மூட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்களுள் ஒருவரான ஜெனிஃபர் லாரன்ஸ், இது அவதூறுச் செய்தி அன்று, பாலியல் குற்றம் என்றும், அப்படங்களைத் தேடிப் பார்ப்பவரும் அதில் பங்கேற்பவரே என்றும் அவ்வாண்டே சொன்னார். ஆனால் ஊடகங்களிலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது வேறொரு கேள்வி: இப்படிப்பட்ட படங்களை எதற்கு எடுத்தார்கள்? அரசியிடம் யாரும் கேட்காத கேள்வி.

நம் நாட்டுக்கு வருவோம். 1994-ல், தமிழ்நாட்டில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் குறிப்புகளை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், பிறர் தலையீடின்றித் தனித்து விடப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ம் பிரிவில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வாரனும் பிராண்டைஸும் பேசிய உரிமை தமிழ்நாட்டு வழக்கொன்றின் வழியே இங்கே வேரூன்றியது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாக உறுதி செய்தது. இவற்றுக்கு இடையில், 2013-ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354சி பிரிவின் ஒரு விளக்கம் நாம் அவசியம் அறியவேண்டியது. படம் எடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்ப இசையவில்லை என்றால், பரப்புவது குற்றமே. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ம் பிரிவிலும் இவ்விளக்கம் தொடர்கிறது. ஒப்புதல் என்பது ஒருமுறை கொடுத்தால் எல்லோருக்கும் எக்காலத்துக்கும் செல்லும் சீட்டு அன்று. 2015-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போயிற்று. உறவு முறிந்தபின், முன்பு இசைவோடு எடுத்த அந்தரங்கப் படங்களைக்கூட, கேட்டால் அழித்தாக வேண்டும் என்றது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது, தெரு வரவில்லை. ஊசி இடங்கொடாமல் நூல் நுழையுமா என்ற பழமொழிதான் இன்னும் அங்கே நீதிபதி. புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் குற்றம் செய்தவனைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவளைப் பற்றிக் கேட்கிறோம். மிரட்டுபவனின் உண்மையான ஆயுதம் படம் அன்று, நம்முடைய அந்தக் கேள்விதான். அதை நம்பித்தான் அவன் பணம் கேட்கிறான்.

அமெரிக்கா ஒப்புதலின்றி அந்தரங்கப் படங்களை வெளியிடுவதை நாடு முழுமைக்கும் குற்றமாக்கியது 2025 மே மாதத்தில்தான். செயற்கை நுண்ணறிவால் புனையப்பட்ட படங்களும் அச்சட்டத்தில் அடங்கும். முறையீடு வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் படத்தை நீக்க வேண்டும். புனைந்த படங்கள் நம் கதையை அதன் முடிச்சுக்கே கொண்டுவந்துவிட்டன. அங்கே கடவுச்சொல் திருடப்படவில்லை, சன்னல் திறக்கப்படவில்லை, தகட்டிலிருந்து படி எடுக்கப்படவில்லை. திருமண ஆல்பத்திலோ பள்ளிக் குழுப்படத்திலோ இருக்கும் முகம் ஒன்றே போதும். எதற்கு எடுத்தாய் என்று கேட்கவும் அங்கே வழியில்லை, அவள் எடுக்கவே இல்லை. பூட்டை மட்டும் காத்துவந்த சட்டத்துக்கு இனி முகத்தைக் காப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. 1902-ல் ராபர்சன் கேட்டதும் அதைத்தான்.