பக்கத்துக்குள் படம் வந்த கதை

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்டிஎம்எல், ஆய்வாளர்கள் தங்கள் ஆவணங்களை இணைத்துப் படிப்பதற்கான மொழி. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு எல்லாம் அதில் இருந்தன. படத்துக்குத்தான் இடமில்லை.

1993 பிப்ரவரி 25 அன்று, அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் எரிக் பினாவுடன் சேர்ந்து மொசைக் உலாவியை எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், சக நிரலாளர்களிடம் ஒரு யோசனையை முன்வைத்தார். 'ஐஎம்ஜி' என்று ஒரு குறி. படம் இருக்கும் முகவரியைச் சொல்ல அதற்குள் 'எஸ்ஆர்சி'. உலாவி அந்தப் படத்தை எடுத்துவந்து எழுத்துகளுக்கு நடுவே வைத்துவிடும். இணைப்புக் குறியையே இதற்கும் விரிக்கலாம் என்றார் பெர்னர்ஸ்-லீ. எல்லா ஊடகத்துக்கும் பொதுவாக ஒரு குறி வேண்டும் என்ற குரலும் எழுந்தது. ஆண்ட்ரீசன் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டே ஐஎம்ஜி மொசைக்கில் இடம்பிடித்தது. பிறகு அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஆனால் ஐஎம்ஜிக்கு மூடும் குறி கிடையாது. அதற்குள் எதையும் எழுத முடியாது. படம் தெரியாத திரையில், பார்வையற்றவரின் கணினியில், அந்த இடத்தில் என்ன வரும்? அதற்காக வந்தது 'ஆல்ட்'. படத்துக்குப் பதிலாகப் படிக்கவேண்டிய சொற்களை அதில் எழுதலாம். அதுவும் போதாது என்று நினைத்தார் டேவ் ராகெட். அவர் எழுதிய எச்டிஎம்எல் 3.0 வரைவில் 'ஃபிக்' என்ற குறி இருந்தது. படவிளக்கமும் மாற்று எழுத்தும் அதற்குள்ளேயே அடங்கின. 1995இல் அந்த வரைவு காலாவதியானது. குறியும் அதோடு போயிற்று.

படத்தையும் விளக்கத்தையும் ஒன்றாகக் கட்டும் 'ஃபிகர்', 2014இல் தரநிலையான எச்டிஎம்எல் 5 வழியாக வந்தது. விளக்கத்துக்கு முதலில் படிவங்களில் இருந்த ஒரு பழைய குறியைத்தான் எடுத்தார்கள். உலாவிகள் அதைச் சரியாகக் கையாளாததால் 'ஃபிக்கேப்ஷன்' என்று புதுக் குறியே பிறந்தது. ஃபிகருக்குள் படம்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வரைபடம், நிரல்துண்டு, கவிதை எதுவும் இருக்கலாம். பக்கத்தின் ஓரத்துக்கோ பின்னிணைப்புக்கோ நகர்த்தினாலும் கட்டுரையின் ஓட்டம் கெடாமல், தனியாகவும் பொருள்படுவதாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஃபிக்கேப்ஷன் படத்தோடு சேர்த்துப் படிப்பதற்கு. ஆல்ட் படம் இல்லாமலே படிப்பதற்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இன்று பக்கம் எழுதுகிற ஒவ்வொருவரும் இரண்டையும் மனம்வைத்து எழுதவேண்டும். 1993இல் ஐஎம்ஜி கண் உள்ளவர்களுக்குக் கொடுத்ததை, மற்றவர்களுக்கும் கொடுக்க இந்தச் சில சொற்களால் முடியும்.