புதுச்சேரியில் மது வணிகம்

புதுச்சேரியில் மது வணிகம் என்பது இந்தியாவின் ஒன்றியப் பகுதியான புதுச்சேரியில் உரிமம், ஏலம் ஆகிய முறைகளின் கீழ் நடைபெறும் மது விற்பனையைக் குறிக்கும். அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனம் ஒன்றின் தனியுரிமையாக உள்ளது. புதுச்சேரியில் அது பெரும்பாலும் தனியார் கைகளில் உள்ளது. இவ்வேறுபாடு பிரெஞ்சுப் பண்பாட்டின் எச்சமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், வரிச் சட்டங்களின் வரலாறே இதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

குடிவகை ஓர் அடையாளமாக

ஒரு நாட்டின் வணிகப் பண்பாட்டை அந்நாட்டவர் விரும்பும் பானத்தைக் கொண்டு சுருக்கிச் சொல்வது பன்னாட்டு வணிக வழிகாட்டி நூல்களில் காணப்படும் வழக்கம் ஆகும். பிரான்சு என்றால் மதிய உணவுடன் திராட்சை மது, செருமனி என்றால் பியர், சீனா என்றால் விருந்தில் கிண்ணத்தைக் காலி செய்யும் பைசியு, சப்பான் என்றால் பணி முடிந்தபின் உடன் பணிபுரிவோருடன் அருந்தும் சாக்கே என இவை அமைகின்றன. தமிழர் வணிகத்தில் இவ்விடத்தைக் காப்பியும் தேநீரும் பெற்றுள்ளன. கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குக் காப்பி வரவழைத்துக் கொடுத்தபின் பேரம் பேசுவது பரவலான பழக்கம் ஆகும்.

இத்தகைய அடையாளங்களில் ஓரளவு உண்மை உண்டு. பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பணியிடத்தில் மதுவைத் தடை செய்யும்போது திராட்சை மது, பியர், ஆப்பிள் மது, பேரி மது ஆகிய நான்கிற்கும் விலக்கு அளிக்கிறது. ஆனால் 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தொழிலாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் முன்னிட்டு நிறுவனங்கள் இவற்றையும் கட்டுப்படுத்தலாம். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் ஆளொருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கும் மிகுதியாகத் திராட்சை மது அருந்தினர். இன்று அது அதில் பாதிக்கும் குறைவாக உள்ளது. பழக்கம் மாறிய பின்னரும் அடையாளம் நிலைத்து நிற்கிறது.

வரலாறு

சென்னை மாகாணத்தில் இராசாசி தலைமையிலான அரசு 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தை இயற்றி, முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. 1948 இல் அது மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் இச்சட்டம் பொருந்தவில்லை. இதனால் ஒரே மொழி பேசும் ஊர்களுக்கு இடையே மது உள்ள பகுதி, மது இல்லாத பகுதி என்ற எல்லை தோன்றியது.

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பகுதிகளின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. புதுச்சேரி அண்டை மாநிலத்துடன் சேர்க்கப்படாமல் தனி ஒன்றியப் பகுதியாக்கப்பட்டதால் மது மீதான சட்டமும் வருவாயும் தனித்தே நீடித்தன. 1970 ஆம் ஆண்டின் புதுச்சேரி ஆயத்தீர்வைச் சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் இன்றைய வணிகத்திற்கு அடிப்படையாக உள்ளன.

தமிழ்நாட்டில் 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1983 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாசுமாக்) மொத்த விற்பனையைப் பெற்றது. 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அதன் தனியுரிமை ஆனது.

வணிக முறை

புதுச்சேரியில் மது வணிகம் இரு பிரிவுகளாக நடைபெறுகிறது.

* வெளிநாட்டு வகை மது: பிராந்தி, விசுக்கி, ரம், பியர் போன்றவை இதில் அடங்கும். மொத்த விற்பனைக்கு எப்.எல்.1, சில்லறை விற்பனைக்கு எப்.எல்.2 என உரிமங்கள் வழங்கப்படுகின்றன. உரிமம் பெற்றோரில் பெரும்பாலோர் தனியார் ஆவர். பாப்சுகோ போன்ற அரசு சார்ந்த நிறுவனங்களும் மதுக்கடைகளை நடத்தியுள்ளன.
* சாராயமும் கள்ளும்: இவற்றை விற்கும் கடைகள் ஏலத்தில் விடப்படுகின்றன. ஏலம் எடுத்தவர் அரசுக்குக் கிசுத்தித் தொகை செலுத்த வேண்டும். சாராயம் வில்லியனூரை அடுத்த ஆரியப்பாளையத்தில் உள்ள அரசு வடிசாலையில் இருந்து வழங்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் சாராயமும் கள்ளும் 1987 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. எனவே பனை, தென்னை மரங்களில் இருந்து கள் இறக்கும் தொழில் புதுச்சேரி எல்லைக்குள் உரிமம் பெற்ற தொழிலாகவும், அதே மரங்கள் நிற்கும் அடுத்த ஊரில் குற்றமாகவும் உள்ளது.

இரு முறைகளும் வெவ்வேறு வணிகப் பழக்கங்களை உருவாக்கியுள்ளன. புதுச்சேரிக் கடைக்காரர் போட்டியாளரை எதிர்கொள்ள வேண்டியிருப்பதால் பல வகைகளை அடுக்கி வைத்து வாடிக்கையாளரைக் கவர முயல்கிறார். டாசுமாக் கடையில் விலை, நேரம், இருப்பு ஆகிய அனைத்தையும் கழகமே தீர்மானிக்கிறது. 2023-24 நிதியாண்டில் டாசுமாக் வழியாகத் தமிழ்நாடு அரசு பெற்ற வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. மனிதர் அருந்தும் மது, 2017 இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்கு வெளியே வைக்கப்பட்டது. ஆகவே மதுத் தீர்வை இரு அரசுகளுக்கும் தாமே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய சில வருவாய்களில் ஒன்றாக உள்ளது.

பிரெஞ்சு மரபு பற்றிய கருத்து

புதுச்சேரியின் மதுக்கடைகளைப் பிரெஞ்சு வாழ்க்கை முறையுடன் இணைத்துப் பேசுவது சுற்றுலா எழுத்துகளில் வழக்கம் ஆகும். இக்கருத்துக்குப் பொருந்தாத செய்திகள் பல உள்ளன.

முதலாவதாக, பிரான்சின் அடையாளமான திராட்சை மது இங்கு முதன்மையான பானம் அன்று. கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுக் குடியிருப்புக்கு வெளியே, உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த கதிர்காமம் போன்ற பகுதிகளிலேயே நகர மக்களில் பெரும்பாலோர் வாழ்கின்றனர். இந்தியாவில் தயாராகும் பிராந்தி, ரம், பியர் ஆகியவையும் சாராயமுமே இங்கு பரவலாக விற்பனையாகின்றன. பிராந்தி என்பது தமிழ்நாட்டிலும் பெரிதும் விரும்பப்படும் வகையே ஆகும்.

இரண்டாவதாக, மலையாளம் பேசும் மாகேயும் தெலுங்கு பேசும் ஏனாமும் புதுச்சேரியின் ஆயத்தீர்வை முறையையே பின்பற்றுகின்றன. கேரளத்தில் 1996 இல் சாராயம் தடை செய்யப்பட்டது. ஆந்திராவில் 1995 முதல் 1997 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. மொழியும் உணவும் வேறுபட்ட போதிலும், மாகேயும் ஏனாமும் அண்டை மாநிலத்தவர் மது வாங்க வரும் இடங்களாகவே அறியப்படுகின்றன.

மூன்றாவதாக, போர்த்துக்கீசர் ஆட்சியில் இருந்த தாமனும் தியூவும் மதுவிலக்கு உள்ள குசராத்தை அடுத்து இதே நிலையில் உள்ளன. ஆண்ட நாடு எதுவாயினும், சிறிய பகுதியும் தனிச் சட்டமும் குறைந்த தீர்வையும் அமைந்த இடங்களில் ஒரே வகை வணிகம் வளர்ந்துள்ளது.

தொழில் முதலீடும் மதுச் சட்டமும்

வணிகத்திற்கு மது தேவை என்ற எண்ணம் சில சட்டத் தளர்வுகளுக்கும் வழிவகுத்துள்ளது. குசராத் அரசு 2023 திசம்பரில் காந்திநகர் அருகே உள்ள கிப்டு நகர நிதி மையத்தில், அங்கு பணிபுரிவோரும் அவர்களின் விருந்தினரும் மது அருந்த அனுமதி அளித்தது. தமிழ்நாட்டில் 2023 இல் மாநாட்டு அரங்குகள், விளையாட்டு அரங்குகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றில் சிறப்பு உரிமத்துடன் மது பரிமாற வழிசெய்யும் விதித்திருத்தம் வெளியானது. எதிர்ப்பு எழுந்ததால் திருமண மண்டபங்களுக்கான அனுமதி கைவிடப்பட்டது.

எல்லைச் சிக்கலும் சமூக விளைவுகளும்

புதுச்சேரி பிராந்தியம் தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. அதன் ஊர்கள் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுடன் பின்னிக் கிடக்கின்றன. நகரின் வடக்கு எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. இதனால் விலை வேறுபாடு கடத்தலுக்குத் தூண்டுதலாக உள்ளது. தமிழ்நாடு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவினர் எல்லைச் சாவடிகளில் தொடர்ந்து சோதனை நடத்துகின்றனர்.

கொரோனா ஊரடங்கிற்குப் பின் 2020 மே மாத இறுதியில் கடைகள் திறக்கப்பட்டபோது, தமிழ்நாட்டினர் திரண்டு வருவதைத் தடுக்கச் சிறப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. இரு பகுதிகளிலும் விற்கப்படும் வகைகளின் விலை இதன்மூலம் தமிழ்நாட்டு விலைக்கு இணையாக்கப்பட்டது. 2021 இல் இத்தீர்வை நீங்கியபின் விலை வேறுபாடு திரும்பியது.

உரிமம் பெற்ற மதுவையும் வாங்க இயலாத கூலித் தொழிலாளர்கள் கள்ளச்சாராயத்தை நாடுவது பெரும் தீங்கு விளைவிக்கிறது. 2023 மே மாதத்தில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது; உயிரையும் பறிக்கிறது. இந்நச்சேற்றம் பெற்றோருக்கு விரைந்த மருத்துவம் இன்றியமையாதது.

மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என இந்திய அரசியலமைப்பின் 47 ஆம் உறுப்பு கூறுகிறது. மது வருவாயைச் சார்ந்திருப்பதும் அதன் தீமைகளைக் குறைப்பதும் ஒரே அரசின் பொறுப்பாக இருப்பது, இரு பகுதிகளிலும் தொடரும் முரண்பாடு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்
* மதுவிலக்கு
* பிரெஞ்சு இந்தியா
* கள்