மழலையர் பள்ளி பிறந்த கதை

இரண்டு வயதுக் குழந்தையிடம் நாலைந்து மரக்கட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், சரிந்து விழுந்தால் கைகொட்டிச் சிரிக்கும், மறுபடியும் அடுக்கும். அந்தக் குழந்தை சற்று வளர்ந்ததும், "விளையாடியது போதும், படிக்க வா" என்று நாம் அழைக்கிறோம். விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்னும் எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றி விட்டது. ஆனால் விளையாட்டுத்தான் அந்த வயதின் படிப்பு என்று கருதி, அதற்கென ஒரு பள்ளியையும் கருவிகளையும் படைத்தார் ஒருவர். அந்தப் பள்ளியை ஓர் அரசாங்கமே தடை செய்தது! அந்த வரலாற்றைக் காண்போம்.

படிகங்களிடையே ஓர் ஆசிரியர்

பிரீட்ரிக் ஃபிரோபெல் 1782ஆம் ஆண்டு, ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியிலுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒரு வயது நிரம்புமுன்பே தாயை இழந்தார். இளமையில் வனத்துறைத் தொழில் பயின்றார். 1805இல் பிராங்க்பர்ட் நகரில் ஆசிரியரானார். பின்னர் 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில், பெஸ்டலாட்சி என்னும் கல்வியாளரின் பள்ளியில் தங்கினார். பாடத்தை ஒப்பிக்கச் செய்யாமல், பொருள்களைக் கண்டும் தொட்டும் கற்கச் செய்யும் முறையை அங்கே நேரில் அறிந்தார்.

இனி வருவது பௌதிக மாணவர்களுக்குச் சுவையான செய்தி. 1813இல் நெப்போலியனை எதிர்த்த போரில் கலந்துகொண்டு திரும்பிய ஃபிரோபெல், பெர்லின் பல்கலைக்கழகக் கனிமக் காட்சிசாலையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தலைவராக இருந்தவர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸ். படிகங்களை அவற்றின் அச்சுகளைக் கொண்டு வகைப்படுத்திய அறிஞர் இவர். கல்லுப்பை உடைத்து உருப்பெருக்கியால் பாருங்கள்; சின்னஞ்சிறு துணுக்கிலும் செங்கோண முகங்கள் தெரியும். பெரியதன் ஒழுங்கு சிறியதிலும் இருக்கிறது. இந்த உண்மை ஃபிரோபெலின் மனத்தில் ஆழப் பதிந்தது. 1816இல் காட்சிசாலையை விட்டு வெளியேறிப் பள்ளி தொடங்கினார். படிகங்கள் மட்டும் அவர் சிந்தனையை விட்டு அகலவில்லை.

பந்தும் கனசதுரமும்

1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் அமைத்தார். 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார். ‘குழந்தைகளின் தோட்டம்’ என்பது அதன் பொருள். தோட்டக்காரன் செடியை இழுத்து வளர்ப்பதில்லை. நீரும் வெயிலும் கிடைக்கச் செய்கிறான். ஆசிரியரின் வேலையும் அத்தகையதே என்பது அவர் கருத்து.

அவர் அமைத்த விளையாட்டுக் கருவிகளுக்குப் ‘பரிசுகள்’ என்று பெயர். முதற் பரிசு, ஆறு நிறங்களில் மெல்லிய கம்பளிப் பந்துகள். தாய் பந்தை நூலில் ஆட்டுவாள், மறைப்பாள், மீண்டும் காட்டுவாள். கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடுவதில்லை என்பதைக் குழந்தை எவ்வாறு உணர்கிறது என்பதை, இருபதாம் நூற்றாண்டில் ழான் பியாஜே என்னும் அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். ஃபிரோபெலின் தாய்மார்கள் அதற்கு முன்பே அதை விளையாட்டாக ஆடிக்கொண்டிருந்தனர்!

இரண்டாம் பரிசு, மரத்தாலான கோளம், உருளை, கனசதுரம். கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றுங்கள். உருளை போல் தோன்றும். உயரமும் விட்டமும் சமமான உருளையைப் பக்கவாட்டில் கட்டிச் சுழற்றினால், மங்கிய தோற்றத்தின் நடுவே ஒரு கோளம் தெரியும். ஒளிப் பதிவு கண்ணில் சிறிது நேரம் நீடிப்பதே இதற்குக் காரணம். காரணம் குழந்தைக்குத் தெரியாது. ஆனால் ஓர் உருவத்துக்குள் வேறோர் உருவம் ஒளிந்திருப்பதைக் கண்டு வியக்கும். அறிவியல் தொடங்குவது அந்த வியப்பில் அல்லவா?

மூன்றாம் பரிசு, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு கனசதுரம். பாதி, கால், அரைக்கால் ஆகியவற்றைப் பின்னம் என்ற சொல்லை அறியாமலே குழந்தையின் கை அறிந்துகொள்கிறது.

தடையும் பரவலும்

1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பிரஷ்ய அரசு புதிய கருத்துகள் அனைத்தையும் ஐயத்துடன் நோக்கியது. ஃபிரோபெலின் உடன்பிறந்தார் மகன் கார்ல் ஃபிரோபெலின் எழுத்துகளையும் இவருடைய கொள்கைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நாத்திகத்தைப் பரப்புவதாகக் குற்றம் சாட்டி, 1851இல் கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே ஃபிரோபெல் மறைந்தார். தடை நீங்கியது 1860இல்தான். அதைக் காண அவர் உயிரோடில்லை.

ஆனால் அவரிடம் பயின்ற பெண்கள் சோர்ந்துவிடவில்லை; இம்முறையைப் பல நாடுகளுக்கும் கொண்டு சென்றனர். 1856இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வாட்டர்டவுன் நகரில் மார்கரெத்தே ஷூர்ஸ் ஜெர்மன் மொழியில் ஒரு கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினார். 1860இல் எலிசபெத் பீபாடி பாஸ்டனில் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

வேறோர் ஆபத்து உள்ளிருந்தே முளைத்தது. இன்ன கட்டையை இன்ன வரிசையில் வைக்க வேண்டும் என்று சிலர் விதி வகுத்தனர். விளையாட்டு, உடற்பயிற்சி வகுப்பு போல் ஆயிற்று. பேட்டி ஸ்மித் ஹில் போன்ற ஆசிரியைகள் இதை எதிர்த்தனர். தரையில் பரப்பி விளையாடப் பெரிய கட்டைகளை அவர் செய்தளித்தார். குழந்தைகள் தாம் விரும்பியதைக் கட்டினர். அரசின் ஆணை ஒன்பது ஆண்டுகளில் நீங்கியது. ஆர்வலர்களின் விதிகளோ அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. இது நாமும் நினைவிற் கொள்ளவேண்டிய பாடம்.

நம் வீட்டில்

1907இல் ரோமாபுரியில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் வேறொரு வழியில் சென்றவர். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கருவிகளும் முறைகளும் மாறுபட்டாலும், குழந்தை தன் கைகளால் கற்கிறது என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. அடுக்கிவைக்கத்தக்க கிண்ணங்கள், ஒரு துணிப்பந்து, வழவழப்பாக இழைத்த மரக்கட்டைகள் போதும். வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பொருள்களை மட்டும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அருகில் அமருங்கள், அது செய்வதைப் பற்றிப் பேசுங்கள். கட்டை சரிந்ததும் நீங்களே எடுத்து அடுக்கிவிடாமல் சற்றுப் பொறுங்கள். ஏன் சரிந்தது என்பதைக் கண்டுபிடிக்கும் உரிமை குழந்தைக்கே உரியது.