கூழ் குடித்து வளர்ந்த வேட்டைக்காரன்

எங்கள் தாத்தாவுக்கு நாய் என்றால் சிப்பிப்பாறைதான். பன்றியை மறிக்கவும் வீட்டுக்காவலுக்கும் ராஜபாளையம் சரி. முயலுக்குப் பின்னால் ஓட ஒட்டிய வயிறும் கூர்மூக்கும் வேண்டும் என்பது அவர் கட்சி. மோப்பத்தை நம்பாமல் கண்ணால் பார்த்தே துரத்தும் இனம் சிப்பிப்பாறை. மறைவில்லாத கரிசல் காடு அதற்குத் தோதாக அமைந்தது. வேட்டையில்லாத நாளில் கம்பங்கூழும் மோரும்தான் சாப்பாடு. விலா எலும்பு தெரியும். பட்டினி போடுகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் திட்டுவார்கள். அதன் வாகே அப்படித்தான்! பக்கத்து இனமான கன்னியை, மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது, நாய்க்கு வேலை போனது. கால் மட்டும் ஓயவில்லை. 2005-இல் ராஜபாளையம் அஞ்சல்தலையில் ஏறியபோது தாத்தா இருந்திருந்தால், "சிப்பிப்பாறை எங்கே?" என்று கேட்டிருப்பார்.

அவர் பேச்சை மீறி நான் வாங்கியது ஒரு ராஜபாளையம் குட்டி. பால்வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை, பிறவிச் செவிடு. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை அது. குட்டி பார்க்கப் போனால் கூடப்பிறந்தவற்றிலிருந்து தனியே பிரித்து, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். காது அசைய வேண்டும். தினமும் இரண்டு வேளை ஓடவிட வேலி போட்ட இடம் இல்லையென்றால், பார்க்கவே போகாதீர்கள்.