புட்டசாமி வழக்கு

கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற கே. எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை ஆட்சேபித்து 2012இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. அந்தரங்கம் பிரஜைகளின் அடிப்படை உரிமையன்று என்று, 1954இல் எட்டு நீதிபதிகளும் 1962இல் ஆறு நீதிபதிகளும் வழங்கிய தீர்ப்புகளைச் சான்று காட்டி அரசாங்கம் வாதித்தமையால், ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு கூடி, அரசியலமைப்பின் 21ஆம் ஷரத்து காக்கும் உயிரினின்றும் சுதந்திரத்தினின்றும் அவ்வுரிமை பிரிக்கவொண்ணாததென்று, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆதாருக்காகக் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்ட சாமானியனுக்கு மகத்தான ரட்சை இத்தீர்ப்பு. எனினும், 2018 செப்டம்பரில் ஐவர் அமர்வில் நால்வர் ஆதார் சட்டம் செல்லுமென்றே கூறினர்; தனியார் கம்பெனிகள் ஆதார் எண்ணைக் கோர இடமளித்த 57ஆம் பிரிவின் பகுதி ரத்தாயிற்று. நீதிபதி சந்திரசூட் ஒருவரே, அச்சட்டத்தைப் பண மசோதாவாக நிறைவேற்றியமை அரசியலமைப்புக்கு விரோதமென மாறுபட்டு எழுதினார்.