"இயற்கைப் புகையிலை" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கொடுங்கள்.

வேப் என்று சொல்லப்படும் இலத்திரனியல் சிகரெட்டைப் பற்றிப் பிள்ளைகள் இப்போது நம்மிடம் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். அதில் ஊற்றும் திரவத்தில் பல சுவைகள் உண்டு. மாம்பழம், புதினா போன்றவை இரசாயனமாம். "இயற்கைப் புகையிலைச் சுவை" மட்டும் இலையிலிருந்தே எடுத்ததாம், அதனால் கெடுதி குறைவாம். இப்படித்தான் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. "இது உண்மையா?" என்பதே கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இந்த இலையின் கதையைத் தெரிந்துகொண்டால் பதில் தானாக வரும்.

புகையிலை நமது மண்ணின் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக இந்தப் பக்கம் வந்தது. பின்னர் யாழ்ப்பாணத்தின் பெரிய பணப்பயிராக மாறியது. கிணற்று நீர் இறைத்து, ஆடுமாடுகளைப் பட்டி அடைத்து எருவாக்கி, குழை தாழ்த்தி வளர்த்த பயிர் அது. ஒல்லாந்தர் காலத்திலேயே கப்பலேறி மலையாளக் கரைக்குப் போனது. திருவிதாங்கூர் அரசு புகையிலை வியாபாரத்தைத் தன் ஏகபோகமாகவே வைத்திருந்து, 1863இல்தான் அதைக் கைவிட்டது. 1930களில் யாழ்ப்பாண விவசாயிகள் மலையாளச் சந்தைக்கென்றே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தெற்கே சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தார் வைத்திருந்த சுருட்டுக்கடைகளைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பணத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்கவைத்தன. அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை.

நம்முடைய கொக்கிளாய் களப்பையும் கடலையும் நம்பிய ஊர். ஆனாலும் இரவில் கடலுக்குப் போகிறவரின் மடியில் ஒரு சுருட்டும், வெற்றிலைப் பையில் ஒரு புகையிலைத் துண்டும் இருந்தது நமக்குத் தெரியாததல்ல. குளிருக்கு, களைப்புக்கு, பசிக்கு என்று அதற்கு ஒவ்வொரு காரணமும் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுருட்டும் வெறும் இலை அல்ல. வெட்டிய இலையை வாடவைத்து, குடிலில் தொங்கவிட்டு, தென்னம் மட்டையும் பொச்சும் எரித்துப் புகை போட்டு, அடுக்கிப் புளிக்கவைத்தார்கள். சிலவகைச் சுருட்டுக்குக் கோடா என்ற சாற்றையும் காய்ச்சிப் பூசினார்கள். காரத்தைக் கூட்டவும் குறைக்கவும், மணம் ஏற்றவும் மனிதன் கைவைக்காத புகையிலை சந்தைக்கு வந்ததே இல்லை. "இயற்கை" என்று சொல்லி விற்பதற்கு முன்னால் அந்த இலை பல கைகளைக் கடந்துதான் வருகிறது.

சரி, அந்தத் திரவத்தை எப்படிச் செய்கிறார்கள்? பதப்படுத்திய இலையை நறுக்கி, புரோப்பிலீன் கிளைக்கோல் அல்லது கிளிசரினில் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிறார்கள். கடும் தவிட்டு நிறத்தில் ஒரு சாறு வரும். அதுதான் "இயற்கைப் புகையிலை". இலையின் சீனியும் பிசினும் சேர்ந்து வருவதால் கருவியின் கம்பிச்சுருளில் கெதியாகக் கரி பிடிக்கும். மற்ற வகையில், புகையிலை போல மணக்கும் சேர்மங்களைக் கலந்து சுவையை உண்டாக்குகிறார்கள். இரண்டுக்கும் நிக்கொட்டின் தனியாகச் சேர்ப்பதே வழக்கம். அந்த நிக்கொட்டினும் பெரும்பாலும் புகையிலையிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது. ஆகவே மாம்பழச் சுவையை இழுப்பவனுக்கும் இலைச்சாற்றை இழுப்பவனுக்கும் உள்ளே போவது ஒரே நிக்கொட்டின்தான். இலைச்சாற்றில் இன்னொன்றும் உண்டு: இலையைப் பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரசமீன் போன்ற புற்றுநோய்க் காரணிகளும் சாற்றோடு வரலாம். சுவையைப் பொறுத்தவரை "இயற்கை" ஒரு தெரிவாக இருக்கலாம். பாதுகாப்பைப் பொறுத்தவரை அது தெரிவே அல்ல.

தோட்டம் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புகையிலையை நீரில் ஊறவைத்து, வடித்து, மிளகாய்க்கும் கத்தரிக்கும் தெளித்துப் பூச்சியைக் கொல்வது பழைய முறை. அதுவும் முழுக்க இயற்கைதான். பனியில் நனைந்த புகையிலையைப் பிடுங்கும் தொழிலாளருக்குத் தோல் வழியாகவே நிக்கொட்டின் ஏறி, தலைசுற்றி வாந்தி வருவதையும் மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. ஊறவைத்து வடித்த சாறு பூச்சிக்கு நஞ்சு, பிள்ளையின் நெஞ்சுக்கு மட்டும் நல்லதா?

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றைய வடிவில் இந்தக் கருவியை 2003 அளவில் உருவாக்கியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். அவரே கடுமையாகப் புகைத்தவர். இதில் இலை எரிவதில்லை. அதனால் தாரும் காபன்மொனொக்சைட்டும் சிகரெட்டைப் போல வருவதில்லை. பல வருடம் சிகரெட்டில் கிடந்து விடமுடியாமல் தவிக்கும் ஒருவர் வைத்தியரிடம் பேச வேண்டிய விடயம் அது. ஒருநாளும் புகைக்காத 15 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அவன் எதையும் விடவில்லை; புதிதாக ஒரு அடிமைத்தனத்தைத் தொடங்குகிறான்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளையும் தடைசெய்தன. "உண்மையான இலையிலிருந்து எடுத்தது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் அதே வார்த்தைதான் அவரைச் சட்டத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்றும் கேட்கிறார்கள். புகையிலை வந்த புதிதில் உலமாக்களிடையே பெரிய விவாதமே நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் எகிப்தின் இப்ராஹீம் அல்-லகானி கூடாது என்று எழுதினார். டமஸ்கஸின் அப்துல் கனீ அந்-நாபுலுசி ஆகும் என்று எழுதினார். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் தடை போட்டார், உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் தடை போட்டார். ஆகும் என்றவர்கள், இதன் தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்ற இடத்தில் நின்று பேசினார்கள். 1950இல் இங்கிலாந்தில் டோல், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பிறகு அந்த இடம் மிகவும் ஒடுங்கிவிட்டது. அறியாத காலத்துக் கருத்தை, அறிந்த காலத்தில் நாம் சாட்டாகச் சொல்ல முடியாது.

வாப்பாமார், உம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பையில் பேனை போலவோ யூஎஸ்பி போலவோ ஒன்றைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். அடித்தால் ஒளித்துவைப்பான், அவ்வளவுதான். பக்கத்தில் இருத்தி, யார் தந்தது, என்ன சொல்லித் தந்தார் என்று கேளுங்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, இந்த ஊரின் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகளும்தான். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என்று பாராமல் நாம் எல்லோரும் ஒன்றாகப் பேச வேண்டிய விடயம் இது. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் நிறைய இழந்த மண் இது. மிஞ்சியிருக்கும் பிள்ளைகளின் மூச்சையும் இழக்க நம்மால் முடியாது.

அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.