பூமியில் சிறைப்பட்ட காலப் பயணி

1963-ஆம் ஆண்டு முதல் பி.பி.சி. தொலைக்காட்சியில் காலத்தையும் அண்டத்தையும் கடந்து திரிந்த ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகர், 1970 ஜனவரியில் முதன்முறையாக வண்ணத்தில் தோன்றினார். ஆனால் பூமியை விட்டு நகர இயலாதவராகத் தோன்றினார். அவர் இனத்தார் விதித்த தண்டனை என்பது கதை. புதுப்புதுக் கோள்களுக்கு அரங்கம் அமைக்கப் பணம் போதவில்லை என்பதே மெய்.

அங்கே பயணத்தை நிறுத்திய அதே சிக்கனம், அடுத்த மாதம் நம் நீலகிரியில் வேறொரு பயணத்தைத் தொடங்கி வைத்தது. உதகைக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் எழுப்பிய வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. இத்துணைப் பெரிய கருவியை இரண்டு அச்சுகளில் திருப்புவதென்றால் செலவு தாங்குமா? எனவே, உதகையின் அட்சரேகைக்கு ஒப்ப ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்தனர். கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் சுழற்றி ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். பாதிப் பொறியியலை மலையே செய்துவிட்டது என்பேன்.

தொலைதூர வானொலி மண்டலங்களைச் சந்திரன் மறைக்கும் கணத்தைக் கொண்டு அவற்றின் உருவை அளந்தனர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலைகள் அவை! டாக்டரோ, முழு விடுதலை பெற 1973 ஜனவரி வரை காத்திருந்தார்.